தேய்ச்சுக் கழுவின மெஷின்

இப்போதெல்லாம் எவனுக்கும் எதையும் தேய்த்துக் கழுவத் தெரியாது. ஒரு பாட்டிலை எடுக்க வேண்டியது, புஸ் புஸ்ஸென்று இரண்டு அடி அடிக்க வேண்டியது, காகிதத்தால் ஒரு இழுப்பு இழுக்க வேண்டியது. முடிந்தது சுத்தம். அழுக்கு போயிற்றா என்று குனிந்து பார்க்கிற ஆள் கிடையாது. வாசனை வந்தால் போதும். எலுமிச்சை வாசனை அடிக்கிற அழுக்கென்றால் இந்தக் காலத்து ஆட்களுக்கு அது அழுக்கே இல்லை.

இது சம்மட்டியின் முடிந்த முடிவு. கல் குவாரியில் அவருக்கு விழுந்த பெயர் அது. வீட்டில் வைத்த பெயர் அவருக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். ஆயுசில் பெரும்பகுதி பாறையை உடைத்து, ஜல்லியாக்கி, லாரியில் ஏற்றியே போயிற்று. குவாரியை மூடியதும் மகன் வந்து நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே அவருக்கு ஒரு சோபா, ஒரு ஜன்னல், ஒரு ரிமோட். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத்தான் திட்ட ஆள் இல்லை.

ஆகவே அவர் கழுவ ஆரம்பித்தார். குழாய், கதவுக் கைப்பிடி, பால்கனிக் கம்பி என்று ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் மருமகளுடைய நான்ஸ்டிக் சட்டி கையில் அகப்பட்டது. பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு பிடி அள்ளி வந்து, சாக்குத் துண்டால் மாங்கு மாங்கென்று தேய்த்து, அந்தக் கறுப்பு மொத்தத்தையும் போக்கி, வெள்ளை வெளேரென்று அடுப்பின்மேல் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் வந்த மருமகள் சட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி சட்டியைப் பார்த்தாள்.

மகன்தான் வாயைத் திறந்தான். "அப்பா, அது கறை இல்லப்பா. அந்தக் கறுப்புலதான் அந்தச் சட்டியோட உசுரே இருக்கு."

"கறையோட விக்கிறான்னா வாங்குற உனக்கு எங்கேடா போச்சு புத்தி?"

மருமகள் சிரித்துவிட்டாள். கோபத்தை அடக்கின சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. சாப்பிட்டு முடித்ததும் புருஷனிடம், "மாமாவை இனிமே சும்மா உக்கார வைக்கக் கூடாது" என்றாள். இவர் காதில் விழட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

மருமகள் கல் ஆராய்ச்சிக்காரி. அவள் வேலை செய்த இடத்தில் அடித்தளத்தில் கல் உடைக்கிற அறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டான். படித்தவர்கள் யாருக்கும் அந்தத் தூசியும் சத்தமும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் சம்மட்டி அங்கே நின்றார்.

ஜன்னல் இல்லாத அறை. நடுவில் தாடை மெஷின். இரண்டு இரும்புத் தகடுகள் வாயைப் போலத் திறந்து மூடும், இடையில் போன கல் நொறுங்கி விழும். பக்கத்தில் அதை மாவாக்குகிற மெஷின். சுவரோரம் சல்லடைகள், ஒரு தொட்டி, குழாய். மேலே தூசியை உறிஞ்சுகிற தடித்த குழாய் ஒன்று. காதுக்கு மூடி, மூக்குக்கு மூடி என்று கொடுத்தார்கள். மூக்கு மூடியைப் போட்டுக்கொண்டார், காது மூடியை ஆணியில் மாட்டினார். மெஷின் கடகடவென்று ஆரம்பித்ததும், சோபாவுக்கு வந்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

ஒரே ஒரு குறை. குவாரியில் லாரி லாரியாக உடைத்தவருக்கு இங்கே கொடுத்தது ஒரு பந்து அளவுக் கல்.

"இதை உடைக்கவா இத்தனை பேர் இத்தனை வருஷம் படிச்சீங்க?"

"உடைக்கிறது பெரிசில்ல மாமா" என்றாள் மருமகள். "உடைச்சதுக்கு அப்புறம் கழுவுறதுதான் பெரிசு. ஒரு கல்லோட தூசி அடுத்த கல்லுல ஏறக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி ஏறினாலும் எல்லாம் பாழ்."

கம்பி பிரஷால் தகட்டைத் தேய்க்க வேண்டும், காற்றுக் குழாயால் ஊத வேண்டும், ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அவளே செய்து காட்டினாள். சம்மட்டி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிரஷ் சரி. காற்று, போனால் போகிறது. அந்த ஸ்பிரிட் துணியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இங்கேயும் அதே புஸ்தான்.

கண்ணுக்குத் தெரியாத மணிகூட ஏறக் கூடாது என்று அவள் சொன்னதை அவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நினைத்ததைவிடப் பல மடங்கு எடுத்துக்கொண்டார். மறுநாளே ஒரு காலிப் பெயிண்ட் டப்பா நிறைய மணலோடு வந்தார். வீட்டுக்குப் பக்கத்து மனையில் அள்ளியதுதான். சல்லடையில் சலித்து, தொட்டியில் கொட்டி, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிகிற வரைக்கும் அலசினார். கல் உடைத்து முடிந்து எல்லோரும் மாடிக்குப் போனதும், ஈரச் சாக்கில் மணலைத் தொட்டுத் தகடுகளை அழுத்தித் தேய்த்தார். அப்புறம் தண்ணீர், அப்புறம் காற்று. அவர்கள் ஆசைக்கு ஸ்பிரிட்டும்.

ஒளித்துச் செய்யவில்லை. டப்பா தொட்டிக்கு அடியிலேயே இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருவரும் கேட்கவில்லை. தகடு பளபளத்தது, எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது.

ஆராய்ச்சிக் கூடத்துத் தலைவர் ஒருமுறை இறங்கி வந்தார். கழுத்தில் எந்நேரமும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் சம்மட்டி மனசுக்குள் அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பூதக்கண்ணாடி தகட்டைக் குனிந்து பார்த்தார்.

"பெரியவரே, இதுல முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம் போலிருக்கே!"

"பண்ணுங்க சார். தாடி அடுத்த கல்லுல ஏறாம இருந்தா சரி."

பூதக்கண்ணாடி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்த அறை சம்மட்டியுடையது. கதவைத் தட்டாமல் யாரும் வருவதில்லை. வந்தால் செருப்பை உதறிவிட்டு வந்தார்கள்.

அப்புறம் அந்த ஏரிக் கல் வந்தது.

எங்கேயோ வட்டமாக ஒரு ஏரி. தட்டு வைத்து வரைந்த மாதிரி வட்டம். அது ஆகாயத்திலிருந்து ஒரு கல் விழுந்து தோண்டிய குழி என்பது மருமகள் கூட்டத்தின் கட்சி. அதற்கு அத்தாட்சி அவர்களிடம் இருந்ததாம். எப்போது விழுந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. மூன்று வருஷமாக அவள் அதன் பின்னால்தான் அலைந்துகொண்டிருந்தாள். ஏரி நடுவில் மிதவை கட்டி, சேற்றைத் தாண்டித் துளை போட்டு, அடியில் உருகி உறைந்த பாறையில் ஒரு துண்டு எடுத்து வந்திருந்தார்கள். துளையை அடைத்தாயிற்று. இனி ஒருவரும் அங்கே இறங்கப் போவதில்லை. இருப்பது இந்த ஒரு துண்டு.

சம்மட்டி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சாம்பல் நிறம், பொத்தல் பொத்தலாக.

"செங்கல் சூளையில அடியில கிடக்குமே, வெந்து உருகின கட்டி, அது மாதிரி இருக்கு."

"கிட்டத்தட்ட அதேதான் மாமா. விழுந்த வேகத்துல பாறையே உருகிடுச்சு."

அவள் துண்டை இரண்டாக்கச் சொன்னாள். சின்னப் பாதியைப் பெட்டியில் வைத்து அலமாரியில் பூட்டினாள். பெரிய பாதியை அவரிடம் கொடுத்தாள். அவர் அதை உடைப்பதற்கு முன்னால் பின்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"இதை மாவாக்கினா வயசு எப்படித் தெரியும்? மாவு பேசுமா?"

"அதுக்குள்ள சிர்கான்னு ஒரு மணி இருக்கு. பொடிப் பொடியா இருக்கும், ஆனா ரொம்ப கெட்டி. அதுக்குள்ள துளி யுரேனியம் மாட்டிக்கிட்டிருக்கும். அது மெல்ல மெல்ல ஈயமா மாறும். எவ்வளவு மாறியிருக்கு, எவ்வளவு மிச்சம்னு பார்த்தா வயசு."

"ஈயமா மாறுறதை யாரு பக்கத்துல உக்காந்து பார்த்தா?"

"மாறுற வேகம் தெரியும் மாமா. அது கூடாது, குறையாது."

"சரி, அந்த மணி பாறையோட வயசைத்தானே சொல்லும்? கல்லு விழுந்ததை அது எப்படிச் சொல்லும்?"

மருமகள் டீயைக் கீழே வைத்தாள். அவர் இவ்வளவு கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "நல்ல கேள்வி. விழுந்த சூட்டுல சில மணிங்க நொறுங்கி, வெந்து, மறுபடி கூடும். அப்ப உள்ள இருந்த பழைய ஈயம் வெளியே ஓடிடும். கணக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கும். அந்த மாதிரி மணி கிடைச்சா, விழுந்த நாள் கிடைச்ச மாதிரி."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கணும் மாமா" என்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை.

சம்மட்டி தாடை மெஷினை அன்றைக்கு இன்னும் நன்றாகத் தேய்த்தார். மருமகளுடைய கல் அல்லவா.

மாவைச் சலித்து, தண்ணீரில் அலசி, கனமான மணிகளை மட்டும் ஒதுக்கி, காந்தத்தில் ஓட்டி, கடைசியில் அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மாடியில் ஒரு மெஷின் ஒவ்வொரு மணியிலும் ஒளியால் பொட்டு மாதிரி குழி சுட்டு, அதிலிருந்து வருகிற யுரேனியத்தையும் ஈயத்தையும் எண்ணியது. பெரும்பாலான மணிகள் இருநூறு கோடி வருஷம் என்றன. அது ஏரிக்கு அடியில் ஆதியிலிருந்தே கிடக்கிற பாறை. ஆனால் ஒரு சின்னக் கூட்டம் தனியாக, ஒரே குரலில் ஆறு கோடி என்றது.

அன்று வீட்டில் மருமகள் தட்டைக் கழுவிக்கொண்டே பாடினாள். பாத்திரம் கழுவும்போது அவள் பாடி சம்மட்டி கேட்டதில்லை.

"ஆறு கோடி வருஷம் மாமா!"

"ஏம்மா, அஞ்சே முக்காலா இருக்கக் கூடாதா?"

"கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம். ஒரு பத்து லட்சம் வருஷம்."

"பத்து லட்சம் உனக்குக் கொஞ்சமா? டேய், உன் பொண்டாட்டிகிட்ட வீட்டுக் கணக்கைக் கொடுத்துடாதே."

மகன் சிரித்தான். சம்மட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. யாரும் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாத கணக்கை எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் தன் அறையில் தன் மெஷினில் உடைத்த கல் இப்படி ஒரு எண்ணைக் கொடுத்ததில் அவருக்குள் ஒரு மூலையில் பெருமை இல்லாமல் இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பெருமை நீடிக்கவில்லை. பூதக்கண்ணாடி அந்த மணிகளின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மருமகளோடு அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். கதவைத் தட்டினார், செருப்பை உதறினார். முகத்தில் சிரிப்பில்லை.

"பெரியவரே, கோபப்படக் கூடாது. ஆறு கோடி காட்டுற மணிங்க எல்லாம் தேய்ஞ்ச சோப்பு மாதிரி உருண்டையா இருக்கு. ஆத்துல உருண்டு வந்தாத்தான் அப்படி இருக்கும். பாறைக்குள்ள ஏது ஆறு? இதுக்கு முன்னாடி உடைச்ச ஏதோ கல்லுலேருந்து வந்து கலந்திருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

"அதாவது நான் மெஷினைக் கழுவலைங்கிறீங்க."

"அப்படிச் சொல்லலை."

"வேற எப்படி சார் சொல்லுவாங்க?"

மருமகள் குறுக்கே வந்தாள். "மாமா, யாரும் உங்களைக் குத்தம் சொல்லலை. எங்கேயாவது ஒரு தடவை, அவசரத்துல..."

"அவசரமா? எனக்கா?" சம்மட்டி தகட்டில் உள்ளங்கையை வைத்தார். "ஊரே எதையும் தேய்க்காமக் கிடக்கு. தேய்க்கிறவன் ஒருத்தன் இருக்கான், அவனைப் பார்த்துக் கேக்குறீங்க. சரி. ஒண்ணுமே இல்லாத கல்லு ஏதாவது இருக்கா உங்ககிட்ட? அந்த மணி ஒண்ணுகூட இல்லாத கல்லு?"

"சுத்தமான வெள்ளைக் குவார்ட்ஸ் இருக்கு" என்றார் பூதக்கண்ணாடி. "நானே அதைத்தான் சொல்ல வந்தேன்."

"கொண்டாங்க. என் மெஷின்ல உடைச்சுத் தரேன். அதுல ஒரு மணி வந்துச்சுன்னா இந்த ரூம் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன். வரலைன்னா, நீங்க எல்லாரும் இங்க வந்து என் எதிர்ல ஒரு தடவை தப்புன்னு சொல்லிட்டுப் போகணும்."

"மாமா..." என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரும்மா. உன் ஆறு கோடிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அது உண்மைதான். வெள்ளைக் கல்லில் ஒன்றும் வராவிட்டால் அவள் எண் நிற்கும், அவர் அறையும் நிற்கும். வந்துவிட்டால் இரண்டும் போகும். போனால் அவருக்கு மறுபடி அந்தச் சோபா.

மறுநாள் காலை முழுக்க அவர் மெஷினைத் தேய்த்தார். புது மணல் சலித்து, இன்னும் அதிகத் தண்ணீரில் அலசினார். தகட்டைக் கழற்ற முடிந்த அளவுக்குத் தளர்த்தி, இடுக்கில், பின்பக்கத்தில், திருகாணிக்கு அடியில், விரல் போகாத இடத்திலெல்லாம் குச்சியில் சாக்கைச் சுற்றி மணலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். அந்த மெஷின் செய்து வந்த நாளிலிருந்து அவ்வளவு மணலைக் கண்டிருக்காது. ஊதினார், துடைத்தார். வெள்ளைக் கல்லைப் போட்டார். அது சர்க்கரை மாதிரி நொறுங்கி விழுந்தது. தூளைத் தன் கையாலேயே பையில் போட்டு, மருமகளிடம் நீட்டினார்.

"இந்தா. நல்லாத் தேடு."

அவள் தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக் கல்லில் ஒரு மணிகூட இருக்கக் கூடாது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அள்ள அள்ளக் கிடந்தது. ஏரிக் கல்லில் பார்த்ததைவிட அதிகம். எல்லாம் உருண்டை உருண்டையாக. சில மணிகளை மாடி மெஷினில் சுட்டுப் பார்த்தார்கள். ஆறு கோடி.

மருமகள் தனியாக இறங்கி வந்தாள். கதவைத் தட்டவில்லை. சம்மட்டி அதைக் கவனித்தார்.

"மாமா, நேத்து மெஷினை எப்படிக் கழுவினீங்களோ, அப்படியே ஒரு தடவை எனக்குச் செஞ்சு காட்டுங்க. ஒண்ணும் விடாம."

"என்ன ஆச்சு?"

"செஞ்சு காட்டுங்க, சொல்றேன்."

அவருக்கு அதில் சங்கடமே இல்லை. இவ்வளவு நாள் கழித்தாவது ஒருத்தி கழுவுவதைக் கற்றுக்கொள்ள வந்தாளே. பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். ஊதினார். பிறகு தொட்டிக்கு அடியில் குனிந்து டப்பாவை இழுத்தார். ஈரச் சாக்கை மணலில் ஒற்றி, தகட்டில் வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் தோளில் இறக்கி ஒரு தேய் தேய்த்தார்.

மருமகள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பலேருந்து மாமா?"

"எது?"

"மணல்."

"வந்த மறுநாள்லேருந்து. ஏன்?"

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தார். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது எந்த வகைத் தண்ணீர் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"என் சட்டி" என்றாள். "அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"சட்டிக்கும் இதுக்கும் என்ன?"

"மாமா, மணல்னா என்ன? எங்கேயோ இருக்கிற மலை உடைஞ்சு, ஆத்துல உருண்டு வந்ததுதானே? நாங்க தேடுற சிர்கான் மணி மத்த எல்லாத்தையும்விடக் கெட்டி. எல்லாம் கரைஞ்சாலும் அது கரையாது. அதனால மணல்ல அது நிறையக் கிடக்கும். இந்த மணல் வந்த ஆறு ஏதோ ஆறு கோடி வருஷத்து மலையிலேருந்து வருது. நான் கண்டுபிடிச்சது ஏரியோட வயசு இல்ல. உங்க டப்பாவோட வயசு."

சம்மட்டி டப்பாவைப் பார்த்தார். மணல் ஈரமாக, பளிச்சென்று, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது.

"இது கழுவின மணல்."

"கழுவினா மண்ணும் சேறும் போகும் மாமா. சிர்கான் கனம். அது அடியிலேயே நிக்கும், தேய்க்கிறப்ப தகட்டு இடுக்குல ஏறி அடுத்த கல்லுல இறங்கும். நீங்க கழுவக் கழுவ அது சேரும்."

"கழுவக் கழுவ அழுக்கு சேருமா?"

அவள் எழுந்தாள். மாடிக்கு அழைத்துப் போனாள். ஒரு துளி மணலைக் கண்ணாடித் தட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். அவர் வைத்தார். தேன் நிறத்தில், ரோஜா நிறத்தில், நிறமே இல்லாமல், மழுங்கின மணிகள் வெளிச்சத்தில் மின்னின. அழகாகத்தான் இருந்தன. அழுக்கு எங்கே என்று தேடிப் பார்த்தார். காணோம்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சுத்தமாத்தானே இருக்கு."

பக்கத்தில் நின்ற பூதக்கண்ணாடி இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். பிறகு மருமகளிடம் சொன்னார். "அவரை மட்டும் சொல்லி என்ன பண்ண? நீயும் பார்க்க லட்சணமா இருந்த மணியா பார்த்துப் பொறுக்கிட்டே. வெந்து நொறுங்கின மணி எப்படி அழகா இருக்கும்? போ. மிச்சப் பாதியை எடு."

மிச்சம் அந்தச் சின்னப் பாதிதான். அது போனால் ஏரிக்கு வயசே கிடையாது.

இந்தத் தடவை தாடை மெஷின் பக்கமே போகவில்லை. புதிதாக வாங்கிய எஃகு உரலும் உலக்கையும் மேஜைமேல் வந்தன. மருமகள் கையுறை மாட்டிக்கொண்டு, துண்டை உரலில் வைத்தாள். சம்மட்டியை அறைக்குள் விடவில்லை. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவரே கேட்டு வாங்கிய தண்டனைதான். ஆனால் தன் அறைக்கு வெளியே தான் நிற்பது அவருக்கு ஏதோ வேறு ஆளைப் பார்ப்பது போல் இருந்தது.

அவள் உலக்கையைத் தூக்கிப் போட்டாள். கல் நழுவியது. மறுபடி போட்டாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஓரத்துல அடி!" என்று கதவுக்கு வெளியிலிருந்து கத்தினார். "நடுவுல அடிச்சா அது உன்னை அடிக்கும்!"

அவளுக்குக் கேட்டிருக்காது. காதில் மூடி இருந்தது. நடுவிலேயே அடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே உடைந்தது. அவர் இல்லாமலும் கல் உடையும் என்று ஆயிற்று. சம்மட்டி அதற்கப்புறம் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார்.

பல வாரம் கழித்து விஷயம் தெரிந்தது. இந்தத் தடவை உருண்டை மணி ஒன்றுகூட இல்லை. மருமகள் கலங்கலாக, பார்க்கவே சகிக்காமல், சர்க்கரையை நனைத்துக் காயவைத்த மாதிரி பொடி கூடிக் கிடந்த மணிகளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். முதல் தடவை ஆகாதென்று அவள் ஒதுக்கிய சாதி. அவை அத்தனையும் நாற்பத்தைந்து கோடி என்றன. பூதக்கண்ணாடி படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. எண் நின்றது.

அவர் சம்மட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். அதே அடித்தளம். தாடை மெஷினுக்குப் புதுத் தகடு மாட்டியிருந்தார்கள். பழைய தகடு மூலையில் சாய்ந்து கிடந்தது, இன்னும் பளபளப்பாக. தொட்டிக்கு அடியில் டப்பா இல்லை. கதவுக்கு வெளியே, நடைவழியில் யாரோ வைத்திருந்தார்கள். வேறு மூன்று பேருடைய கல்லையும் மறுபடி உடைக்க வேண்டியிருக்கிறதாம். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவர்கள் வணக்கம் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"பெரியவரே" என்றார் பூதக்கண்ணாடி, "ஆளாளுக்குக் கோபம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்த மெஷினை உங்களை மாதிரி ஓட்ட இங்க ஆள் இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே மணல் தொட மாட்டேன், பிரஷ், காற்று, ஸ்பிரிட் மட்டும்தான்னு. அது போதும். நாளைக்கே வாங்க."

மருமகள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். "சொல்லுங்க மாமா" என்றாள் மெதுவாக. "சும்மா வாயாலயாவது சொல்லுங்க."

சம்மட்டி புதுத் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் மசி ஒட்டியது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருப்பார்கள். விரலை அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.

"இதுதான் உங்க சுத்தமா?"

"அது வெறும் எண்ணெய் மாமா. எண்ணெய்ல சிர்கான் இருக்காது. அதனால ஒண்ணும் ஆகாது."

"மசி இருக்கலாம், மணல் இருக்கக் கூடாது."

"ஆமா" என்றார் பூதக்கண்ணாடி. "நம்ம வேலைக்கு அப்படித்தான்."

சம்மட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தது அந்த வார்த்தையைச் சொல்லலாமா என்றல்ல. சோபாவை நினைத்தார், அந்த ரிமோட்டை நினைத்தார். மெஷினின் சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். அமுக்கவில்லை.

"வராத வார்த்தையை வாயால சொல்லி என்ன சார் ஆகப் போகுது? தனியா இருக்கும்போது கை சாக்கைத்தான் தேடும். ஒரு மணி வந்தா வர மாட்டேன்னு நான்தான் சொன்னேன். நீங்க வந்துச்சுங்கிறீங்க. சரி, வந்துச்சு. நான் வரலை."

"நீங்க நம்புறீங்களா இல்லையா?" என்று கேட்டாள் மருமகள்.

"எதை?"

"நாற்பத்தஞ்சு கோடியை."

"ஏம்மா, முதல்ல ஆறு கோடின்ன. அன்னிக்குப் பாட்டெல்லாம் பாடின. இப்ப நாற்பத்தஞ்சுங்கிற. நடுவுல என்ன மாறிச்சு? என் டப்பா வெளியே போச்சு, அவ்வளவுதான். ஒரு டப்பா மணலுக்கு முப்பத்தொன்பது கோடி வருஷம் அப்படியும் இப்படியும் ஆடுதுன்னா, அது என்ன கணக்கும்மா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இடுக்கில் நிற்கிற மணி, கனம், ஈயம் என்று அவளிடம் பதில் நிறைய இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் சீக்கிரம் வந்துடுறேன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"வா. சட்டி வாங்கிட்டு வா. கறுப்பா வேணாம்."

நடைவழியில் டப்பாவை எடுத்துக் கொண்டார். மாடி ஏறி, கூடத்தைத் தாண்டினார். வாசல் கண்ணாடிக் கதவை ஒருவன் துடைத்துக்கொண்டிருந்தான். புஸ், புஸ், ஒரு இழுப்பு. சம்மட்டி நின்று பார்த்தார். கண்ணாடியில் விரல் தடம் அப்படியேதான் இருந்தது, இப்போது அதன்மேல் எலுமிச்சை வாசனை. ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் கதவைத் தோளால் தள்ளி வெளியே வந்தார்.

தெருவில் வெயில் இருந்தது. டப்பாவுக்குள் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, வெளிச்சத்தில் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். மணல்தான். வேறு ஒன்றும் இல்லை. கையை வேட்டியில் தட்டிவிட்டு, "ஆறு கோடியாம்" என்று சொல்லிக்கொண்டே, டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.